ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார்

ஐந்தில் வளையாதது ஐம்பதிலும் வளையாதென்பர் நம்மவர். கல்வியும் கலையும் இளமையிலேயே பற்றப்பட வேண்டும் என்பதே இதன் கருத்து. இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், ஐம்பதை எட்டும் தறுவாயில் முன்பின் அறியாத ஒரு கலையைத் தொட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் போக்கையே மாற்றிய ஒருவரும் உலகில் வாழ்ந்திருக்கிறார். அவரே ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார். இந்தியாவிற் பிறந்து, இங்கிலாந்தில் புகழெய்தி, இலங்கையில் மறைந்த இவ்வம்மையாரின் வரலாறு நம்மனோர் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சித்துறையில் உயர்பதவி வகித்தவர். தாயார் பிரெஞ்சு உயர்குலத்து மரபினர். பாட்டில் குடும்பத்தில் வளர்ந்தோங்கிய பெண்மக்கள் எழுவர். அவருட் பலர் பேரழகிகள் என்று அக்காலத்தார் போற்றினர். அப்பேச்சில் ஜூலியாவின் பெயர் அத்துணை அடிபடவில்லை. அழகியருக்கு நடுவே அழகியல்லாதவராக வளர்ந்த இவர், பிற்காலத்தில் பிறர் முகத்தின் அழகைத் தேடிப் பிடிப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டது நினைக்கத்தக்கது.

இளமைக் கல்வி பெரும்பாலும் பிரான்சு தேசத்தில், பாட்டியாரின் பாதுகாப்பில் நடந்தது. 1834ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஈராண்டுகளுக்குப்பின் உடல்நலங் குன்றவே, நல்ல தட்பவெப்பத்தை நாடித் தென்னாப்பிரிக்காவிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானநூற் புலவர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றொருவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே காமெரன். முன்னவர் அம்மையாருக்கு வாழ்நாள் முழுதும் ஆசானும் நண்பரும் ஆயினார். பின்னவர் கணவராயினார். இவர்தம் திருமணம் 1838ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. கணவர் அம்மையாருக்கு இருபது ஆண்டு மூத்தவர்.

சார்லஸ் காமெரன் நம் நாட்டு வரலாற்றிலும் இலங்கை வரலாற்றிலும் இடம் பெற்றவர். இலங்கையின் நீதிமுறையை ஆராய்ந்து, 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புரூக் காமெரன் குழுவின் இருவருள் இவர் ஒருவர். பின்னர் மெக்காலே பிரபுவோடு அமர்ந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவிற் பங்குகொண்டார். இலங்கையின் வனப்பில் மயங்கி, அங்கே நிலங்களை வாங்கிக் காப்பித் தோட்டங்களும் அமைத்தார். இத்தோட்டங்கள் குடும்பத்தின் செல்வத்துக்கும் பின்னர் அதன் தாழ்வுக்கும் காரணமாயின.

பிரெஷ்வாட்டர் இல்லம்

1848ஆம் ஆண்டில் கணவர் பதவியினின்றும் ஓய்வு பெறவே, குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. இலண்டனில் அம்மையாரின் தங்கையார் சாரா பிரின்செப் என்பவரின் இல்லம் கவிஞரும் ஓவியரும் கூடும் இடமாயிருந்தது. அங்கே ஓவியர் வாட்ஸ், கவிஞர் டெனிசன் முதலியோரின் நட்பு வாய்த்தது. 1860ஆம் ஆண்டில் காமெரன் குடும்பத்தார் இங்கிலாந்தின் தென்கடலிலுள்ள வைட் தீவில், பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில், டெனிசனின் வீட்டுக்கு அண்மையில் ஒரு மனையை வாங்கினர். இலங்கையிலுள்ள தம் தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்புள என்று பெயரிட்டனர்.

அம்மையாருக்கு மகள் ஒருத்தியும் மைந்தர் ஐவரும் இருந்தனர். இவரன்றித் தாய் தந்தையரை இழந்த உறவினர் பிள்ளைகள் சிலரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். ஒருநாள் இலண்டனை அடுத்த பட்னி என்னுமிடத்தில் தாயோடு பிச்சையெடுத்து நின்ற மேரி ரயன் என்னும் ஐரிஷ் சிறுமியைக் கண்டு, இருவரையும் இல்லத்துக்கு அழைத்து வந்து, அச்சிறுமிக்குக் கல்வியும் புகட்டினார். கொடுப்பதில் அவர் கை அளவறியாதது. விருந்தினர் வராத நாள் அவருக்கு வெறுநாளாகத் தோன்றியது.

இத்தகைய இல்லமும் ஒருநாள் வெறிச்சோடிற்று. மகள் மணமாகிச் சென்றாள். மைந்தர் சிலர் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிரிந்தனர். 1863ஆம் ஆண்டின் இறுதியில் கணவரும் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். ஓயாது பிறர்க்கென்றே இயங்கிய அவ்வம்மையார் தனிமையில் வாடினார்.

மகள் அளித்த பரிசு

அன்னையின் தனிமையை எண்ணிய மகளும் மருமகனும் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு நிழற்படக் கருவியை அவருக்குப் பரிசாக அனுப்பினர். தனிமையிற் பொழுதுபோக இஃது உதவக்கூடும் என்பதே அவர்கள் கருத்து. அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு. நிழற்படக் கலை தோன்றிய நாளிலேயே ஹெர்ஷல் வாயிலாக அதனைப்பற்றிக் கேட்டறிந்தவர் அவர். ஆயினும் தம் கையாற் படம் எடுக்கும் முறையை அவர் கற்றிருக்கவில்லை. கருவியை எங்கே வைப்பது, உருவை எங்ஙனம் நிலைநிறுத்துவது என்பதொன்றும் அவர்க்குத் தெரியாது.

அவர் தயங்கவில்லை. நிலக்கரி இட்டுவைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி பதித்த கோழிக்கொட்டில் படமெடுக்கும் கூடமாயிற்று. முதலில் அண்டையிலிருந்த குடியானவர் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்திப் படமெடுத்தார். படம் நன்கு விழுந்ததென்று மகிழ்ந்து, கண்ணாடித் தகட்டின் ஈரமான பக்கத்தைக் கையால் தடவிவிட்டார். படம் முழுதும் அழிந்துபோயிற்று. இவ்வாறு முயன்றும் இழந்தும் ஒரு மாதம் சென்றது.

1864ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதியில், ஆனி பில்பட் என்னும் சிறுமியின் முகம் பழுதின்றித் தகட்டிற் பதிந்தது. மேலங்கி பூண்டு, சற்றே ஒருபுறம் திரும்பி, தன்னை மறந்து நோக்கும் ஒரு குழந்தையின் முகம் அது. அம்மையார் வீடெங்கும் ஓடி அக்குழந்தைக்குக் கொடுக்கப் பரிசுப்பொருள்களைத் தேடினார். அப்படத்தை ஆக்கியது தாமல்லர், அக்குழந்தையே என்று அவர்க்குத் தோன்றிற்றாம். அன்றே படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு, சிறுமியின் தந்தையாருக்கு அனுப்பினார். தம் முதல் வெற்றி இஃதென்று படத்தின் அடியிலும் எழுதிவைத்தார். பொழுதுபோக்குக்கென வந்த கருவி அன்றுமுதல் அவர் வாழ்க்கையாயிற்று.

தொழிலின் அருமை

இக்காலத்தில் விரலால் அழுத்தியவுடன் படம் விழக் காண்கிறோம். அக்காலத்து முறையோ மிகக் கடினமானது. தூய்மையாகத் துடைத்த கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீரைச் சமமாகப் பரப்பவேண்டும். பின் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அதனைத் தோய்க்கவேண்டும். ஈரம் உலருமுன் கருவியிற் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குத் திரும்பி உருவை வெளிப்படுத்தி, கழுவி, வார்னிஷ் பூசவேண்டும். பின்னர் முட்டையின் வெண்கரு பூசிய தாளில் அதனை வைத்து வெயிலிலே படியெடுக்கவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் முயற்சி முழுதும் வீணாம். எதிரே அமர்ந்தவரோ சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். பெரியோர்க்கே அரிதாகிய இச்செயலைச் சிறு குழந்தைகளைக்கொண்டு அம்மையார் செய்வித்தார்.

தகட்டின் அளவும் பெரிது. தொடக்கத்தில் ஏறத்தாழ 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உடைய தகடுகளைக் கையாண்டார். 1866ஆம் ஆண்டு முதல் 15 அங்குலமும் 12 அங்குலமும் உள்ள தகடுகளைக் கையாண்டார். வெள்ளி உப்பு பட்டு அவர் விரல்களும் உடைகளும் கறுத்துக் கிடந்தன. ஒவ்வொரு புதிய படத்தையும் ஈரங்காயாமலே எடுத்துக்கொண்டு உணவறைக்கு ஓடிக் கணவரிடம் காட்டுவது அவர் வழக்கம். அதனால் மேசைத் துணிகள் கணக்கின்றிக் கறைபட்டன. இலங்கையினின்றும் திரும்பிய அம்முதியவர் ஒருநாளும் சினந்தாரில்லை. ஒவ்வொரு படத்தையும் புதுமகிழ்ச்சியோடு வாங்கிப் பார்த்துப் பாராட்டினார். அம்மையாரின் கலை தளராமைக்கு இக்கணவரின் பொறுமையும் ஒரு காரணம் என்க.

இல்லமே கலைக்கூடம்

அக்காலத்து நிழற்படத் தொழிலாளர் சிறு அட்டைகளில் முழு உருவத்தையும் அடக்கி, தூணும் திரையும் பின்னே நிறுத்தி, ஒருவர்போலவே மற்றொருவரையும் படமெடுத்து விற்றனர். உடையும் நிலையும் தெளிவாகத் தெரிந்தன. மனிதரின் உள்ளம் தெரியவில்லை. அம்மையாரோ தூணையும் திரையையும் நீக்கினார். முகத்தின் அருகே சென்றார். ஒருபுறத்து ஒளி மட்டும் முகத்தின்மீது விழ, மற்றவை இருளில் மறையச் செய்தார்.

அவர்தம் கருவியின் எதிரே முதலில் அமர்ந்தோர் வீட்டாரே. பேரன் ஆர்ச்சி இரண்டு வயதுக் குழந்தையாய் உறங்கும் தோற்றத்தை 1865ஆம் ஆண்டிற் படமாக்கினார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அக்குழந்தையின்மீது கவிந்து நிற்க, அக்காட்சி தேவமாதாவும் திருக்குழந்தையும்போலத் தோற்றமளித்தது. பாத்திரம் துலக்கி விருந்தினர்க்குக் கதவு திறந்துவிடும் பெண் ஒருத்தியின் முகத்தில், இத்தாலிய ஓவியர் தீட்டிய தாய்மையின் அமைதியை அவர் கண்டார். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனை 1867ஆம் ஆண்டில், மணத்துக்குச் சற்றுமுன், பலமுறை படமெடுத்தார். இவளே பின்னாளில் வர்ஜீனியா உல்ப் என்னும் எழுத்தாளரின் தாயானவள். முதிய கணவரும் தப்பவில்லை. டெனிசனின் காவியத்துக்கு 1874ஆம் ஆண்டில் படங்கள் எடுத்தபோது, வெண்தாடி கொண்ட அவரை மந்திரவாதி மெர்லினாக நிறுத்தினார். அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் தகடுகளைக் கெடுத்தார் என்பர்.

பட்னியில் பிச்சையெடுத்து நின்ற மேரி ரயனின் கதை இவற்றினும் வியப்பானது. 1865ஆம் ஆண்டு இலண்டனில் அம்மையாரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, மேரியின் படத்தையும் அவளையும் கண்ட ஓரிளைஞர் அவளிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தார். அவர் ஹென்றி காட்டன் என்பார். நம் கும்பகோணத்தில் 1845ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1867ஆம் ஆண்டில் இவர்தம் திருமணம் நிகழ்ந்தது. இந்திய ஆட்சிப்பணியிற் புகுந்து, அஸ்ஸாமின் தலைமை ஆணையராக உயர்ந்து, 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக அமர்ந்தவர் இவரே. ஒரு நிழற்படம் ஓர் ஏழைச் சிறுமியை இத்துணைத் தொலைவு கொண்டுசென்றது.

பெருமக்களும் அவர் கருவிக்கு இலக்காயினர். டெனிசன், பிரௌனிங், கார்லைல், லாங்பெல்லோ முதலியோரை நாம் இன்று மனக்கண்ணிற் காணும் உருவத்துள் பல அம்மையார் எடுத்தவை. 1868ஆம் ஆண்டுக் கோடையில் பிரெஷ்வாட்டரில் குடும்பத்தோடு தங்கிய சார்லஸ் டார்வினையும் படமெடுத்தார். ஆசான் ஹெர்ஷலை 1867ஆம் ஆண்டில் அவர் இல்லத்துக்கே சென்று படமெடுத்தார். வெள்ளிய தலைமயிர் ஒளிவட்டம்போற் பரந்து, வானத்தை நோக்கிக் களைத்த கண்கள் இருளினின்றும் வெளிப்படும் அப்படம் அவர் படைப்புகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று.

பழிப்பும் புகழும்

அம்மையார் 1864ஆம் ஆண்டில் இலண்டன் நிழற்படச் சங்கத்தின் உறுப்பினரானார். சங்கத்தார் அவரைச் சேர்த்துக்கொண்டனரேயன்றி அவர் படங்களை விரும்பினாரல்லர். உரு மங்கலாயிருக்கிறது, தகட்டிற் கீறல் தெரிகிறது, விரற்குறி விழுந்திருக்கிறது, தொழிலை ஒழுங்காகக் கற்கவில்லை என்று பத்திரிகைகள் பழித்தன. தாமும் நிழற்படம் எடுப்பதில் வல்லவரான எழுத்தாளர் லூயிஸ் கரோலும் இம்மங்கலை விரும்பவில்லை.

இப்பழிப்பில் உண்மையில்லாமல் இல்லை. கீறலும் கறையும் அவர் கைப்பிழைகளே. மங்கலும் முதலில் தற்செயலாய் நேர்ந்ததென்று அவரே பின்னர் எழுதிய வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணாடி வில்லையைத் திருகும்போது எவ்விடத்தில் முகம் அழகாய்த் தோன்றிற்றோ, அவ்விடத்தில் நிறுத்திவிட்டார். மற்றவர் வலியுறுத்திய தெளிவை நாடி மேலும் திருகவில்லை. தவறாய் வந்ததைத் தம் கண்ணால் ஆராய்ந்து, நன்றெனத் தேர்ந்து, பின் பழிப்புக்கு அஞ்சாது பற்றிநின்றார். மயிரிழைகளை எண்ணிக் காட்டுவது கருவியின் வேலை, உயிரைக் காட்டுவது கலைஞரின் வேலை என்பது அவர் கொள்கை.

நல்லோர் சிலர் அவர் திறமையை உணர்ந்தனர். தென் கென்சிங்டன் பொருட்காட்சிச் சாலையின் தலைவர் ஹென்றி கோல் 1865ஆம் ஆண்டில் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 1868ஆம் ஆண்டில் அங்கேயே படமெடுப்பதற்கென இரண்டு அறைகளையும் அளித்தார். பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் 1866ஆம் ஆண்டிற் பொற்பதக்கம் கிடைத்தது. ஆயினும் பொருள் வருவாய் பெரிதன்று. தோட்டங்களின் வருவாய் குன்றிவந்தமையால், தம் படங்களை விற்றுக் குடும்பத்தைத் தாங்கலாம் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கை நிறைவேறவில்லை.

1873ஆம் ஆண்டில் பெருந்துயர் வந்துற்றது. நிழற்படக் கருவியைப் பரிசாக அளித்த மகள் மகப்பேற்றின்போது உயிர்நீத்தாள். அன்னையின் தனிமையைப் போக்கக் கருவி தந்தவள், அத்தனிமையை முன்னிலும் மிகுதியாக்கிச் சென்றாள். மறு ஆண்டிலேயே அம்மையார் தம் கலைவாழ்க்கையின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அதனை முடித்தாரில்லை.

இலங்கையில் இறுதிக்காலம்

1869ஆம் ஆண்டுமுதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைநோய் பற்றிற்று. செலவைக் குறைக்கவேண்டியும், அங்கிருந்த மைந்தரோடு வாழவேண்டியும், முதிய கணவரின் வேட்கையை நிறைவேற்றவேண்டியும் 1875ஆம் ஆண்டில் காமெரன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பலேறினர். வழியில் இறக்க நேரினும் நேருமென்று தமக்குரிய சவப்பெட்டிகள் இரண்டையும் உடன் கொண்டுசென்றனர் என்றும், அவற்றுள் பீங்கான் முதலிய பாத்திரங்களை அடுக்கியிருந்தனர் என்றும் சொல்லப்படுகிறது.

களுத்துறையில் கடற்கரையை அடுத்து அவர்கள் வாழ்ந்தனர். வெப்பமும் ஈரக்காற்றும் மிக்க நாட்டில் ஈரத் தகட்டு முறை எளிதன்று. வேண்டிய மருந்துப்பொருள்களும் தாளும் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1876ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அந்நாட்டில் தங்கி ஓவியந் தீட்டிய மேரியன் நார்த் அம்மையாரின் படங்களும் அவற்றுள் அடங்கும். மற்றவை பெரும்பாலும் அவ்வூர் மக்களின் படங்கள். தோட்டத்தில் உழைத்தவர்களும் அவர்களுள் உண்டு. தமிழ் மாவட்டங்களினின்றும் கடல் கடந்து சென்ற நம்மவரும் சிலர் அவருள் இருந்தனர் எனக் கருதப்படுகிறது.

இங்கே ஒன்று கூறாமல் விடுதல் முறையன்று. டெனிசனுக்குப் பெயருண்டு, டார்வினுக்குப் பெயருண்டு, பணிப்பெண் மேரி ஹில்லியருக்கும் பெயருண்டு. இலங்கையிற் படமெடுக்கப்பட்ட உழைப்பாளர் பலருக்குப் பெயர் எழுதப்படவில்லை. பெண் என்றும் குடியானவர் என்றும் மட்டுமே குறிக்கப்பட்டனர். அம்மையாரின் கண் அவர்களையும் அதே கனிவோடு நோக்கியது என்பதற்கு அவ்வுருவங்களே சான்று. ஆயினும் அவர் எழுதுகோல் அவர்தம் பெயரைக் கேட்டு எழுதவில்லை. அக்காலத்து ஆளுவோர் மனப்பான்மை அத்துணைக் கருணையுள்ளவரையும் விட்டபாடில்லை. தோட்டத்து வருவாயில் வாழ்ந்த குடும்பம் அது என்பதையும் நாம் மறத்தற்கில்லை. எனினும் அவ்வெண்ணிறந்த உழைப்பாளருள் சிலரது முகமேனும் நமக்கு எஞ்சியது அவர் கையாலேயே என்பதும் உண்மை.

1879ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் அம்மையார் உயிர்நீத்தார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். மறு ஆண்டிற் கணவரும் மறைந்து அவரருகே அடங்கினார். மலைச்சரிவுகளில் காப்பி அழிந்து தேயிலை வளர்ந்தது. கல்லறை இன்றும் அங்கேயுள்ளது.

முடிவுரை

அவர் மறைந்தபின் சில காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 1926ஆம் ஆண்டில் தங்கையின் பேர்த்தி வர்ஜீனியா உல்ப் அம்மையாரும் கலையறிஞர் ரோஜர் பிரையும் அவர் படங்களைத் தொகுத்து முன்னுரையோடு வெளியிட்டனர். அன்றுமுதல் அவர் புகழ் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1,200க்கும் மேற்பட்ட அவர் படங்கள் இன்று அறிஞரால் கணக்கிட்டு வகைப்படுத்தப்பட்டுள்ளன. அன்று பழிக்கப்பட்ட மங்கலும் கீறலும் இன்று அவர் கைவரிசையென்று போற்றப்படுகின்றன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை யாவை? காலங்கடந்துவிட்டதென்று எந்த நற்றொழிலையும் கைவிடலாகாது என்பது ஒன்று. பிறர் பழிக்கும்போது, அப்பழியில் உள்ள உண்மையை ஏற்று, நம் கண்ணுக்கு நன்றெனத் தோன்றியதை விடாது பற்றவேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவதும் ஒன்றுண்டு. அதுவே நமக்கு மிக அணித்தானது. இன்று ஒவ்வொருவர் கையிலும் நிழற்படக் கருவி இருக்கிறது. விழாவிலும் விடுமுறையிலும் எண்ணற்ற படங்களை எடுக்கிறோம். நம் இல்லத்தில் அடுப்பங்கரையில் நிற்கும் பாட்டியாரையும், விடுதியில் நமக்கு உணவு பரிமாறும் முதியவரையும், வயலில் நின்று நிமிரும் தந்தையாரையும் ஒருமுறையேனும் நின்று நோக்கிப் படமெடுத்தோமா? எடுப்பின், அப்படத்தின் பின்புறத்தில் அவர்தம் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதிவைப்போமாக. களுத்துறைக் கடற்கரையில் பெயரின்றி நின்றவர்களுக்குச் செய்யப்படாத அக்கடனை, நம்மவர்க்கேனும் நாம் தவறாது செய்வோமாக.